டாங்கா 1914: தேனீக்களா, பாளையங்கோட்டைப் படையா, தளபதியா?

#1 பாளைக்காரன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி அனுப்பினார். "8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் படையைத் தேனீக்கள் கடலுக்குள் விரட்டிய கதை" என்று தலைப்பு. முதல் உலகப்போர், ஆப்பிரிக்கா, ஜெர்மானியர்கள் தேனீக்களைப் பழக்கி வைத்திருந்தார்கள் என்றெல்லாம் போட்டிருந்தது. வழக்கம்போலத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். கடைசிப் பத்தியில், முதலில் ஓடியது "63-வது பலம்கோட்டா" என்ற ரெஜிமெண்ட் என்று இருந்தது. பலம்கோட்டா எந்த ஊர் என்று அரை நிமிடம் யோசித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் பாளையங்கோட்டையை வெள்ளைக்காரன் எழுதிய லட்சணம் அது!

கேள்விகள் மூன்று. இப்படி ஒரு சண்டை நடந்ததா? அதில் நம் ஊர் ஆட்கள் இருந்தார்களா? எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆள் பலம் இருந்தும் எப்படித் தோற்றார்கள்? பழையதாள் அண்ணன் இருந்தால் கொஞ்சம் வாருங்கள்.

#2 மீரான்

பழக்கப்பட்ட தேனீயா? அடுத்து கொசுவுக்கும் ராணுவப் பயிற்சி கொடுத்தார்கள் என்று வரும். ஃபார்வர்டு என்றாலே எனக்கு அலர்ஜி.

#3 பழையதாள்

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. சண்டை உண்மை, தேனீயும் உண்மை, "பழக்கிய" தேனீ மட்டும் பொய். அந்தப் பொய்யும் புதிதில்லை. போர் நடந்தபோதே பிரிட்டிஷ் தரப்பில் கிளம்பிய கதைதான்.

டாங்கா என்பது இன்றைய தான்சானியாவின் வடகிழக்குக் கரையில் உள்ள துறைமுகம். அப்போது அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. டாங்காவிலிருந்து கிளிமஞ்சாரோ மலையடியில் உள்ள மோஷி வரை உசம்பாரா ரயில் பாதை, ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இந்த ரயிலை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.

பிரிட்டிஷ் திட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. இந்தியாவிலிருந்து ஒரு படை கடல் வழியாக வந்து டாங்காவைப் பிடித்து, ரயில் பாதையோடு மேலேறும். அதே நேரம் இன்னொரு படை கென்யா பக்கமிருந்து கிளிமஞ்சாரோ அருகே லோங்கிடோவைத் தாக்கும். ஜெர்மானியர்கள் நடுவில் நசுங்குவார்கள். லோங்கிடோ தாக்குதலும் நவம்பர் 3 அன்றே தோற்றுப்போனது, அது தனிக்கதை.

டாங்காவுக்கு வந்தது "இந்தியப் பயணப்படை பி". தளபதி மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன், இந்தியாவில் 35 வருட சேவை. சுமார் 8,000 பேர், 14 போக்குவரத்துக் கப்பல்கள். பம்பாயிலிருந்து 1914 அக்டோபர் 16 அன்று கிளம்பினார்கள். அதற்கு முன்பே பலரைக் கப்பலில் ஏற்றித் துறைமுகத்திலேயே காக்க வைத்திருந்தார்கள். வங்காள விரிகுடா பக்கம் எம்டன் திரிகிறது (சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன், செப்டம்பர் 22). ஆப்பிரிக்கக் கரையிலோ கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் கப்பல் செப்டம்பர் 20 அன்று சான்சிபாரில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்திருந்தது. துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் கிளம்ப முடியாது. துணைக்கு வந்த கோலியாத் என்ற பெரிய கப்பலும் இயந்திரக் கோளாறில் மொம்பாசாவிலேயே தங்கிவிட்டது. மிஞ்சியது ஃபாக்ஸ் என்ற பழைய குரூசர் ஒன்று.

இனி முக்கியமான இடம். ஆகஸ்டில், போர் தொடங்கிய கையோடு, டார் எஸ் சலாம், டாங்கா துறைமுகங்களைத் தாக்குவதில்லை என்று உள்ளூர் அளவில் ஒரு உடன்பாடு பேசியிருந்தார்கள். லண்டன் அதை ஏற்கவே இல்லை. ஆனாலும் ஃபாக்ஸின் கேப்டன் கால்ஃபீல்ட், உடன்பாடு முடிந்தது என்று எதிரிக்குச் சொல்லாமல் தாக்குவது முறையல்ல என்றார். எய்ட்கனும் தலையாட்டினார். நவம்பர் 2 காலை ஃபாக்ஸ் தனியாகத் துறைமுகத்துக்குள் போனது. ஜெர்மன் மாவட்ட அதிகாரி அவுராஹரைக் கப்பலுக்கு வரவழைத்து, ஒரு மணி நேரத்தில் ஊரை ஒப்படை என்றார் கேப்டன். துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்றும் கேட்டார்! எதிரியிடமே. அவுராஹர் அதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டுக் கரைக்குப் போனார். போய்த் தந்தி அடித்தார், ராணுவச் சீருடையை மாட்டினார், ஜெர்மன் கொடியை ஏற்றினார்.

தந்தி போன இடம் மோஷி. அங்கே இருந்தவர் ஜெர்மன் படைத் தளபதி பவுல் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக். தன் ஆட்களை ரயிலில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரத்தில் டாங்கா ஊரில் இருந்தது ஒரு சிறு காவல் படைதான். காலையிலேயே நேராகத் துறைமுகத்தில் இறங்கியிருந்தால் மாலைக்குள் ஊர் கையில். இறங்கவில்லை. கண்ணிவெடி பயத்தில் கடலைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு வெடியும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

#4 மீரான்

எதிரியிடம் போய் "வெடி வைத்திருக்கிறீர்களா ஐயா" என்று கேட்டார்களா! சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். தொடருங்கள்.

#5 தோணித்துறை

தூத்துக்குடிக்காரன், 31 வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். பழையதாள் சாப்பிட்டு வருவதற்குள் கடல் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் கடைசியில் இறங்கிய இடம் ராஸ் கசோன் என்ற முனை, ஊருக்குக் கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர். வரைபடத்தைப் பாருங்கள். கரையில் கண்டல் மரங்கள், அதன் பின்னால் செங்குத்தான மேடு, மேட்டுக்கு மேல் புதரும் ரப்பர் தோட்டமும் சிசல் கற்றாழைத் தோட்டமும். கப்பல் கரைக்கு வராது. நம் ஊரில் அந்தக் காலத்தில் வெளியே நங்கூரம் போட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தோணி ஓடுமே, அதே மாதிரி தட்டைப் படகுகளில் ஆட்களை இறக்கி இழுத்துவர வேண்டும். படகு தரைதட்டும் இடத்தில் குதித்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இன்னொன்றைப் பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். 1914 நவம்பர் 2-3 இரவு பௌர்ணமி, ஐப்பசிப் பௌர்ணமி. நிலவு வெளிச்சத்தில்தான் முதல் ஆட்கள் இறங்கினார்கள். ஆனால் பௌர்ணமியை ஒட்டி ஓதம் நிறைய ஏறும், அதே அளவுக்கு வற்றவும் செய்யும். டாங்கா பக்கம் ஏற்ற இறக்கம் மூன்று நான்கு மீட்டர் வரும். தூத்துக்குடியில் ஒரு மீட்டர்கூட வராது. வற்றும் நேரத்தில் சேறும் பாறையுமாகத்தான் இருக்கும். பகலில் ஒரு தடவை பார்க்காமல், இரவில் அந்தக் கரையில் ஆயிரக்கணக்கான ஆட்களை இறக்குவது... நான் அந்தக் கப்பலில் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) ஆக இருந்திருந்தால் கேப்டனோடு சண்டை போட்டிருப்பேன்.

ஆட்களின் நிலையையும் யோசியுங்கள். அந்தக் கப்பல் கூட்டம் எட்டு நாட் (மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர்) வேகத்தில் ஊர்ந்து வந்தது. முன்பின் கடலைப் பார்த்திராதவர்கள் பாதிப்பேர். கீழ்த்தளத்தில் புழுக்கம், வாந்தி. மொம்பாசாவில் இரண்டு நாள் இறக்கி நடக்கவிட்டிருக்கலாம். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று இறக்கவில்லை. சிரிப்பு என்னவென்றால் எதிரிக்கு முன்பே தெரியும். படை வருகிற சேதி பத்திரிகையிலேயே வந்துவிட்டது.

மூன்று வாரம் கப்பலில் ஆடியவன் தரையில் கால் வைத்தால் தரைதான் ஆடும். எனக்கே 30 வருடத்துக்குப் பிறகும் ஆடும். அவனிடம் போய் "உடனே புதருக்குள் ஓடு, சுடு" என்றால்?

#6 பழையதாள்

தோணித்துறை ஐயா சொன்னது மிகச் சரி. பௌர்ணமிக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் இரவில் இறங்கியவர்கள் 13-வது ராஜபுத்திரர்களும் 61-வது பயனியர்களும். தம்பி கவனிக்க: இந்த 61-வது பயனியர்களும் மதராஸ் படைதான். பயனியர் என்றால் சாலை போடுவது, பாலம் கட்டுவது, தேவைப்பட்டால் சண்டை. நவம்பர் 3 விடியலில் இவர்களைத்தான் முதலில் ஊரை நோக்கி அனுப்பினார்கள், மற்ற படைகள் இறங்கி முடிப்பதற்குள்ளேயே. ஊரின் கிழக்கே ரயில் பாதைக்காக வெட்டிய ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. ஜெர்மானியர்கள் அதைக் கோட்டை அகழி மாதிரி பயன்படுத்திக்கொண்டார்கள். சண்டை நடக்கும்போதே ரயிலில் இன்னும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பக்கவாட்டிலிருந்து பாய்ந்ததும் பிரிட்டிஷ் தரப்பு சிதறிக் கடற்கரைக்கே திரும்பியது. அந்த ஒரு காலையில் சுமார் 300 பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள்.

எய்ட்கன் அன்று மிச்சப் பொழுதை மீதிப் படையை இறக்குவதில் கழித்தார். அடுத்த தாக்குதல் நான்காம் தேதி மதியம்தான். இடையில் ஒரு முழு இரவு. அந்த இரவில் லெட்டோ-ஃபோர்பெக் வந்து சேர்ந்துவிட்டார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலவொளியில் வெறிச்சோடிய ஊருக்குள் போனார். துறைமுகம் வரை மிதித்துப் போய், எதிரே விளக்கெரியும் கப்பல்களை நின்று பார்த்தார். ராஸ் கசோன் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தாக்க வந்த தளபதி வேவு பார்க்கச் சரியாக ஓர் ஆளை அனுப்பவில்லை. தற்காக்க வந்த தளபதி தானே சைக்கிளில் போய்ப் பார்த்தார். இந்தச் சண்டையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நவம்பர் 4 மதியம், கிழக்கு ஆப்பிரிக்க வெயில். எல்லோரையும் ஒரே நீள வரிசையாக நிறுத்தி ஊரை நோக்கி நடக்கச் சொன்னார் எய்ட்கன். கடல் பக்கம், அதாவது வலது ஓரத்தில், காஷ்மீர் ரைஃபிள்ஸ். அடுத்து லங்காஷயர் வெள்ளைக்காரப் படை. அதற்கு இடப்பக்கம் நம் 63-வது பாளையங்கோட்டை. இடது கோடியில் 101-வது கிரனேடியர்கள். கையிலிருந்த மலைப் பீரங்கிகளைக் கரைக்கே இறக்கவில்லை, கப்பல் தளத்திலிருந்தே சுட்டார்கள். மரக்கூட்டத்துக்குள் யார் எங்கே என்று கப்பலிலிருந்து எப்படித் தெரியும்? ஃபாக்ஸ் சுட்ட குண்டு ஒன்று ஊரிலிருந்த மருத்துவமனையில் விழுந்தது.

காஷ்மீரிகளும் லங்காஷயர்காரர்களும் ஊருக்குள்ளேயே போய்விட்டார்கள். வீட்டுக்கு வீடு சண்டை. கைசர்ஹோஃப் ஓட்டலின் உச்சியில் பறந்த ஜெர்மன் கொடியை இறக்கியும்விட்டார்கள். டாம் ஃபான் பிரின்ஸ் என்ற பெயர்பெற்ற ஜெர்மன் கேப்டன் அன்று அங்கேதான் செத்தார். ஆனால் இடது பக்கம் கதை வேறு. 63-வது இயந்திரத் துப்பாக்கியில் மாட்டிச் சிதறியது, வரிசையில் ஓட்டை விழுந்தது. 101-வது தனியாக நின்று அடி வாங்கியது. அவர்களுக்கும் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு லெட்டோ தன் மிச்சக் கம்பெனிகளை (சிறு படைப்பிரிவுகளை) இறக்கினார். அத்தோடு முடிந்தது.

தேனீ இந்த இடத்தில்தான் வருகிறது. அதை மார்த்தாண்டத்துக்காரரிடம் விடுகிறேன்.

#7 தேன்பெட்டி

விட்டதற்கு நன்றி. மார்த்தாண்டத்தில் 22 வருடமாகப் பெட்டி வைத்திருக்கிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மரக்கட்டையைக் குடைந்து மரக்கிளையில் தொங்கவிட்டுத் தேன் எடுப்பார்கள். அந்தத் தோட்டங்களிலும் புதர்களிலும் அப்படிப்பட்ட கூடுகள் இருந்தன. இயந்திரத் துப்பாக்கிக் குண்டு கூட்டில் பட்டால், அல்லது பக்கத்துக் கிளை முறிந்தால், என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆப்பிரிக்கத் தேனீ நம் பெட்டித் தேனீ மாதிரி சாது இல்லை. நம் மலைத்தேனீயின் கோபம் அதற்கு உண்டு.

ஒரு தேனீ கொட்டியதும் கொடுக்கோடு சேர்ந்து ஒரு வாசனை வெளியாகும். பழுத்த வாழைப்பழ வாசனை மாதிரி இருக்கும். அதுதான் மற்றவற்றுக்கு அழைப்பு: இங்கே வா, இவனைக் கொட்டு. கொட்டு வாங்கியவன் கையை வீசி ஓடினால் இன்னும் வரும். படை முழுக்க ஓடினால் கேட்கவா வேண்டும். (என் பெட்டிப் பக்கம் யாராவது வாழைப்பழம் தின்றுகொண்டு வந்தால் எங்கள் வீட்டில் திட்டு விழும்.)

அதிகமாக மாட்டியது 98-வது காலாட்படை, இடது பக்கத்துக்கு உதவிக்குப் போனவர்கள். ஆனால் தேனீக்குக் கட்சி கிடையாது. ஜெர்மன் தரப்பிலும் இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் கொட்டு வாங்கித் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியதாக லெட்டோவே பிறகு எழுதியிருக்கிறார். பழக்கிய தேனீ என்றால் எஜமானைக் கொட்டுமா? கம்பி கட்டி வைத்திருந்தார்கள், கால் பட்டால் கூடு திறக்கும் என்று சொன்னதெல்லாம் தோற்றவர்கள் மானம் காக்கச் சொன்னது.

என் கணக்கில் தேனீ வந்தபோது சண்டை ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. அது சாய்ந்த மரத்தில் ஏறிய குரங்கு.

#8 பாளைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஆனால் பழையதாள் அண்ணன் "63-வது சிதறியது" என்று ஒரு வரியில் போய்விட்டார். உண்மையிலேயே ஓடினார்களா? அல்லது தோல்விக்குப் பழி போட ஆள் தேடி, கறுப்பாக இருந்தவர்கள் தலையில் கட்டினார்களா? அந்தப் பெயரில் தமிழர்கள் இருந்தார்களா, வெறும் பெயர்தானா?

#9 மீரான்

நானும் தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எங்கே பார்த்தாலும் மதராஸ் சிப்பாய்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள், நடுங்கினார்கள், அழுதார்கள் என்றுதான் இருக்கிறது. பாதிக்கு மேல் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஒரு அதிகாரியின் டைரியைக் காட்டுகிறது.

#10 பழையதாள்

அந்தப் பெயர் வரும் என்று காத்திருந்தேன்.

ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் அந்தப் படையின் உளவு அதிகாரி. சண்டை முடிந்ததும் வெள்ளைக்கொடியோடு ஜெர்மானியர்களிடம் போய், காயம்பட்டவர்களைப் பற்றிப் பேசி, அவர்களோடு உட்கார்ந்து காலை உணவும் சாப்பிட்டு வந்தவர். போனது உண்மை. ஆனால் டைரி? மனிதர் பறவை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். இறந்து பல வருடம் கழித்து, 1990-களில், அவர் சேகரித்த பறவை உடல்களைச் சோதித்தார்கள். பலவற்றை அருங்காட்சியகங்களிலிருந்து திருடி, தான் பிடித்ததாகச் சீட்டு மாற்றி ஒட்டியிருந்தார் என்று தெரிய வந்தது. டைரியிலும் பிறகு திருத்தித் தட்டச்சு செய்த பக்கங்கள் உண்டு. குருவிக்கே சீட்டு மாற்றியவர் சிப்பாயைப் பற்றி எழுதியதை உப்பு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ருசியாக எழுதுவார், அதுதான் ஆபத்து. எடுத்தாள்பவர்களுக்கு விடவே மனம் வராது.

அதற்காக 63-வது சிதறவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிதறியது. வேறு ஆவணங்களும் அதையே சொல்கின்றன. தம்பிக்குக் கசந்தாலும் அதுதான்.

தமிழர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். மதராஸ் ரெஜிமெண்டுகளில் தமிழர்கள், தென்னாட்டு முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர் எல்லாம் கலந்திருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கம்பெனிப் படையிலிருந்து வருகிற மரபு. திப்புவோடும் மராட்டியரோடும் சண்டை போட்டது மதராஸ் படைதான். ஆனால் 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் கண் வடக்கே திரும்பியது. ராபர்ட்ஸ் பிரபு 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதி, பிறகு 1893 வரை இந்தியா முழுக்கத் தளபதி. தெற்கத்திக்காரன் போருக்கு லாயக்கில்லை, சீக்கியனும் கூர்க்காவும் பட்டாணியும்தான் "வீர இனம்" என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டவர். மதராஸ் ரெஜிமெண்டுகளைக் குறைத்தார்கள், வடக்கத்தி ஆட்களைப் போட்டு நிரப்பினார்கள். எஞ்சியவற்றை எல்லைப் போர்களுக்கு அதிகம் அனுப்பவில்லை. முப்பது வருடம் ஒருவனைச் சண்டைக்கே அனுப்பாமல் வைத்திருந்துவிட்டு, ஒருநாள் தெரியாத கண்டத்தில் இறக்கிவிட்டு, பார் இவனுக்குச் சண்டை தெரியவில்லை என்றால்?

சரி, இதை ஒரு பக்கம் வையுங்கள். வீர இனம் என்று கொண்டாடப்பட்ட ராஜபுத்திரர்களும் முதல் நாள் காலையில் சிதறித்தான் வந்தார்கள். அதை யாரும் ராஜபுத்திர ரத்தத்தில் குறை என்று எழுதவில்லை.

#11 சிப்பாய்மகன்

நெடுநாள் வாசகன், முதல் பதிவு. அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். நேற்று இரவு இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "துப்பாக்கி எப்பக் கொடுத்தான்?" தேடிப் பார்த்தேன். இந்தப் படையில் பல பட்டாலியன்களுக்கு கிளம்புவதற்குச் சற்று முன்புதான் புது லீ-என்ஃபீல்டு துப்பாக்கி கையில் வந்திருக்கிறது. இயந்திரத் துப்பாக்கியும் புதிது. இதைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். "சுட்டுப் பழகாத துப்பாக்கி தடிக்குச் சமம்" என்றார்.

இரண்டாவது கேள்வி: "பிரிகேடு சேர்ந்து பயிற்சி எடுத்ததா?" இல்லை. பல ஊர் முகாம்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த படை. தளபதிக்குத் தன் பட்டாலியன்களைத் தெரியாது, பக்கத்து வரிசையில் வருவது யார் என்று சிப்பாய்க்கும் தெரியாது.

எதிரே இருந்த அஸ்காரிகள் எப்படி? ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், அந்த மண்ணில் பிறந்தவர்கள். சின்னச் சின்னக் கம்பெனிகளாகப் புதருக்குள் சண்டை போட்டே வளர்ந்தவர்கள். பலர் கையில் 1871 மாதிரி பழைய மௌசர்தான், சுட்டால் கரும்புகை கிளம்பி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இருந்தும் ஜெயித்தார்கள். ஜெர்மன் வெற்றி என்றே எல்லோரும் எழுதுகிறோம். சுட்டவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள்.

எய்ட்கனுக்கு உதவி கிடைக்காமலும் இல்லை. கென்யாவில் இருந்த பிரிட்டிஷ் படையான கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸின் அதிகாரிகள், அஸ்காரிகளைக் குறைத்து எடைபோடாதீர்கள் என்று எச்சரித்து, வழிகாட்ட ஆட்களும் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

பாளைக்காரன் அண்ணனுக்கு ஒன்று சொல்லலாமா? ஓடினார்கள் என்று ஒத்துக்கொள்வதில் நமக்கு வெட்கம் வேண்டியதில்லை. அப்பா சொன்னது: "ஓடாத பட்டாலியன் உலகத்துல இல்லடா. ஓட வச்சவன் யாருன்னு பாரு."

#12 பாளைக்காரன்

அப்பாவுக்கு என் வணக்கம். ஒத்துக்கொள்கிறேன். ஊர்ப்பெயர் வந்ததும் கொஞ்சம் சூடாகிவிட்டேன்.

#13 தோணித்துறை

பின்வாங்கிய கதையை யாரும் சொல்லவில்லையே. நவம்பர் 5 அன்று திரும்பக் கப்பல் ஏறினார்கள். ஆளை மட்டும்தான் ஏற்றினார்கள், சாமானை விட்டுவிட்டார்கள். துப்பாக்கி, 16 இயந்திரத் துப்பாக்கி, 6 லட்சம் தோட்டா, டெலிபோன் கருவிகள், கோட்டு, போர்வை எல்லாம் கரையிலேயே கிடந்தன. லெட்டோவின் கணக்குப்படி மூன்று கம்பெனிகளுக்குப் புதுத் துப்பாக்கி கிடைத்தது. வெளியிலிருந்து உதவி வரமுடியாமல் அடைபட்டுக் கிடந்தவனுக்கு, எதிரியே கப்பல் நிறையக் கொண்டுவந்து கொடுத்த சீர்வரிசை. அதை வைத்துக்கொண்டு அந்த ஆள் 1918 நவம்பர் 25 வரை சண்டை போட்டார். ஐரோப்பாவில் போர் நின்று இரண்டு வாரம் கழித்துத்தான் சரணடைந்தார். டாங்கா பிரிட்டிஷ்காரர் கைக்கு வந்தது 1916 ஜூலையில்.

சரக்கு ஏற்றுவதில் ஒரு விதி உண்டு: முதலில் வேண்டியதைக் கடைசியில் ஏற்று. பீரங்கியைக் கரைக்கு இறக்காததும் சாமானை விட்டு வந்ததும் ஒரே நோய். கரையில் என்ன செய்யப்போகிறோம் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

#14 மீரான்

மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள்?

#15 பழையதாள்

பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 800-க்கு மேல். அதில் இறந்தவர்கள் மட்டும் சுமார் 360. ஜெர்மன் தரப்பில் இறந்தவர்கள் 70 சொச்சம், பெரும்பாலும் அஸ்காரிகள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான்காம் தேதி இரவு ஜெர்மன் பக்கம் ஊதிய எக்காளத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு அஸ்காரிக் கம்பெனிகள் ஊருக்கு மேற்கே இருந்த முகாமுக்குப் போய்விட்டன. சில மணி நேரம் டாங்கா காலியாகக் கிடந்தது. ஒரு ரோந்து போயிருந்தால் தெரிந்திருக்கும். எய்ட்கன் அதே நேரத்தில் கப்பலேறுவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அதேதான், போய்ப் பார்க்க ஆள் இல்லை.

லண்டனில் இந்தச் செய்தியை மாதக்கணக்கில் வெளியே விடவில்லை. எய்ட்கனை நீக்கினார்கள், கர்னலாகப் பதவி இறக்கி அரைச் சம்பளத்தில் வைத்தார்கள். படைக்கு அவருடைய கீழதிகாரி வாப்ஷேர் வந்தார். கிழக்கு ஆப்பிரிக்கப் போரை நடத்தும் பொறுப்பு இந்திய அலுவலகத்திடமிருந்து லண்டன் போர் அலுவலகத்துக்குப் போனது. கடலிலிருந்து இறங்கித் தாக்குவது எப்படி என்ற பாடத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1915 ஏப்ரல் 25-இல் துருக்கியின் கலிப்பொலியில் இறங்கினார்கள். எதிரிக்கு முன்னறிவிப்பு, சரியாகப் பார்க்காத கரை, மேட்டின் மேல் காத்திருக்கும் எதிரி. டாங்காவுக்கு வராமல் மொம்பாசாவில் நின்றதே கோலியாத், அதுவும் அடுத்த மாதம் அந்தப் பக்கத்துக் கடலில்தான் மூழ்கியது.

#16 டார்வாசி

வேலைக்காக ஒன்பது வருடமாக டார் எஸ் சலாமில் இருக்கிறேன். இந்த இழையை யாரோ எங்கள் குழுவில் பகிர்ந்ததால் வந்தேன்.

டாங்கா இங்கிருந்து சாலையில் சுமார் 350 கிலோமீட்டர். ஒருமுறை போயிருக்கிறேன், இந்தச் சண்டைக்காக இல்லை, பக்கத்தில் உள்ள அம்போனி குகைகளைப் பார்க்க. ராஸ் கசோன் இப்போது வீடுகளும் குளிக்கும் கடற்கரையுமாக அமைதியான இடம். இங்கேயா என்று கேட்பீர்கள். சிசல் தோட்டங்கள் டாங்கா மாகாணத்தில் இன்னும் உண்டு. அந்த இலையின் நுனி முள் சட்டையைக் கிழிக்கும். வரிசை குலையாமல் அதற்குள் நடந்து பாருங்கள் என்றுதான் எய்ட்கனிடம் சொல்லத் தோன்றுகிறது.

செத்த இந்தியச் சிப்பாய்களை ஜெர்மானியர்கள் அங்கேயே புதைத்தார்கள். அந்த நினைவிடத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. இந்த ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் பலரை வெள்ளையர்களுக்குச் சமமாக நினைவுகூரவில்லை, பெயர்கூடப் பொறிக்கவில்லை என்று. சுமை தூக்கப் பிடித்துப்போன ஆப்பிரிக்கர்கள்தான் இதில் மிக மோசமாக விடுபட்டவர்கள். கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் பக்கம் மட்டுமே அப்படிப்பட்ட சுமைக்காரர்கள் ஒரு லட்சத்துக்கு அருகில் இறந்தார்கள். பெரும்பாலும் நோயிலும் பட்டினியிலும்.

#17 தேன்பெட்டி

அந்தப் பக்கம் இன்னும் மரக்கட்டைக் கூடு தொங்குகிறதா டார்வாசி? தொழில்முறைக் கேள்வி.

#18 டார்வாசி

உள்நாட்டுப் பக்கம் நிறையத் தொங்குகிறது. சாலையோரம் பாட்டிலில் தேனும் விற்பார்கள், கறுப்பாக, கொஞ்சம் புகை வாசனையோடு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது உங்களுக்கு ஒரு பாட்டில்.

#19 பாளைக்காரன்

சித்தப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. இன்று காலையில் ஒரு வரி வந்தது: "அப்போ தேனீ பொய்யா?" தேனீ உண்மை சித்தப்பா, மீதியையும் படியுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

டார்வாசி, ஒரு உதவி. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் நினைவிடத்தில் 63 என்ற எண்ணோ பலம்கோட்டா என்ற சொல்லோ எங்கே இருந்தாலும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். எழுத்துப்பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை.

#20 டார்வாசி

டிசம்பரில் விடுமுறை இருக்கிறது. போகிறேன்.